கிளைகள் நேரில் ஆஜரான வழக்கு

குமிழம்பட்டி மருதமரச் சாலைக்காரர்களைப் பற்றி ஊரில் பலரும் பலவிதமாகப் பேசுவதுண்டு. ஆனால் சொன்னதைச் செய்யாதவர்கள் என்று மட்டும் அவர்களை எவரும் பேசியதில்லை. சொன்னதை, சொன்னபடியே, ஓர் எழுத்தும் குறையாமல் செய்து முடிப்பார்கள். தலையில் கைவைத்துக்கொண்டு உட்காருபவர் எப்போதும் சொன்னவராகவே இருப்பார்.

அந்தச் சாலையில் மூன்று மருத மரங்கள் நின்றன. மூன்றும் இரண்டு ஆள் சேர்ந்து கட்டிப்பிடித்தாலும் கைக்கு எட்டாத பருமன் கொண்டவை. மாவட்டத்து அதிகாரிகள் ஒருநாள் வந்து பார்த்து, 'பாதுகாக்கப்பட்ட மரம்' என்று ஒவ்வொன்றிலும் ஒரு பலகையை மாட்டிவிட்டுப் போனார்கள். பாதுகாக்கப்பட்ட பொருள் பூட்டாமல் கிடப்பதா என்று சைக்கிள் கடை கோமதிநாயகம் கவலைப்பட்டு, அன்றைக்கே சங்கிலியும் பூட்டும் கொண்டுவந்தார். மரத்தை எதோடு சேர்த்துப் பூட்டுவது என்ற கேள்வி எழுந்தது. சாலையில் அதைவிட உறுதியான பொருள் வேறு இல்லாததால், ஒவ்வொரு மரத்தையும் அதனோடேயே சேர்த்துப் பூட்டினார்.

நடு மரத்தின் தெற்குக் கிளைக்குக் கீழே சண்முகக்கனியின் இஸ்திரி வண்டி நின்றது. கரி போட்ட பெட்டியை உச்சி வெயிலில் நின்று பிடிப்பது மனித உடம்பால் ஆகிற காரியமன்று. எதிர்ப்பக்கத்துக் கடைக்காரர்களோ தங்கள் வாசலில் வண்டி நிற்கச் சம்மதிக்கமாட்டார்கள். ஆகவே அந்தக் கிளை இருக்கும் வரைதான் அவளுக்குப் பிழைப்பு. சாலையில் எதையும் நிதானமாக யோசிக்கக்கூடியவள் அவள் ஒருத்தியே. அந்தக் காரணத்தினாலேயே மருதமரப் பாதுகாப்புச் சங்கத்தில் அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

சங்கத்தின் தலைவர் நல்லபெருமாள், ஓய்வுபெற்ற தபால்காரர். செயலாளர் பரிபூரணம், மாவு மில்லின் முதலாளியம்மாள். உறுப்பினர்கள் கோமதிநாயகமும் தையல்காரர் சூசையும். மழைக்காலம் நெருங்கிய ஒரு காலைப்பொழுதில், நடு மரத்தில் பேரூராட்சி ஒட்டிவிட்டுப் போயிருந்த காகிதத்தின் முன் இந்த நால்வரும் நின்றார்கள். யாரும் அதைப் படிக்கவில்லை. படிக்கலாமா என்பதில்தான் பிரச்சினை.

"தபால் எந்த வீட்டு வாசல்ல கெடக்கோ அந்த வீட்டுக்காரருக்குத்தான் சொந்தம். இது மரத்துமேல இருக்கு. மரத்துக்கு வந்தத நாம படிச்சா குத்தம்," என்றார் நல்லபெருமாள்.

உறைக்குள் இல்லையே என்று சூசை சந்தேகம் எழுப்பினார். அஞ்சலட்டைக்குக்கூட உறை கிடையாது, அதற்காக அடுத்தவர் அட்டையைப் படிக்கலாமா என்று தலைவர் திருப்பிக் கேட்டார். முடிவில் மரத்திடமே அனுமதி கேட்பது என்று தீர்மானித்து, மரியாதையாகக் கேட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். காற்று அடிக்கவில்லை, இலைகள் அசையவில்லை, மரம் யோசிக்கிறது என்று பரிபூரணம் விளக்கினார்.

அதற்குள் சண்முகக்கனி வண்டிக்குப் பக்கத்தில் நின்றபடியே காகிதத்தை உரக்கப் படித்துவிட்டாள். கிளைகள் மின்கம்பியில் உரசுவதால், மழைக்கு முன்பாக மூன்று மரங்களின் கிளைகளையும் கழித்துவிடப் பேரூராட்சி முடிவு செய்திருக்கிறது. ஆட்சேபணை உள்ளவர்கள் வரும் வியாழக்கிழமை விசாரணையில் தெரிவிக்கலாம்.

"கொப்பு போயிட்டா நான் எங்க நிக்க?" என்றாள் அவள். பெட்டியைப் பிடித்திருந்த கை ஒரு நொடி நின்று, பிறகு மறுபடி ஓடியது.

நால்வரும் கலங்கிப்போனார்கள். முட்டாள்தனம் இருந்த அளவுக்கு அவர்களிடம் இரக்கமும் இருந்தது. அவளுடைய நிழலைக் காப்பாற்றாமல் ஓய்வதில்லை என்று அங்கேயே உறுதி எடுத்துக்கொண்டு, நேரே வக்கீல் குமாஸ்தா செல்லமுத்துவிடம் போனார்கள்.

செல்லமுத்து விவரமான மனிதர். பாதுகாக்கப்பட்ட மரத்தின் கிளையைத் தொட மாவட்டத்து அனுமதி வேண்டும். பேரூராட்சி அதை வாங்கியதாகத் தெரியவில்லை. ஆகவே வழக்கு ஏற்கெனவே பாதி வென்றாயிற்று என்றார். ஒரு மனு எழுதி, அங்கே குடியிருப்பவர்களின் ஒப்பம் வாங்கி, பேரூராட்சிக்கு ஒன்றும் மாவட்டத்துக்கு ஒன்றுமாக அனுப்புங்கள். விசாரணையன்று பாதிக்கப்படுபவர்கள் நேரில் ஆஜராகட்டும். அவ்வளவுதான் என்று முடித்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். இவ்வளவு தெளிவாகச் சொன்ன பிறகு இனி என்ன தவறு நேர முடியும் என்று அவர் எண்ணியிருக்கலாம். அவர் வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்.

மனுவை எழுதுவதில் சிரமம் இருக்கவில்லை. ஒப்பம் வாங்குவதில்தான் சிக்கல் வந்தது. மரத்தில் குடியிருப்பவர்கள் யாரார் என்று கணக்கெடுத்தபோது காகம், அணில், எறும்பு, வாடகைக்கு வந்தது போல் அவ்வப்போது வந்து போகும் ஒரு மைனா ஆகியோர் தேறினார்கள். எவருக்கும் கையெழுத்துப் போடத் தெரியாது என்பதால் கைநாட்டு வாங்குவது என்று முடிவாயிற்று. நல்லபெருமாள் தபால் நிலையத்திலிருந்து மைப்பெட்டி ஒன்றை இரவல் வாங்கிவந்து, மூடியைத் திறந்து கிளையின் மேல் வைத்தார்.

எறும்புகள் ஒழுங்காக வரிசையில் வந்து, மையில் நடந்து, மனுவிலும் நடந்தன. அணில்தான் ஒத்துழைக்கவில்லை. மைப்பெட்டிக்குள் நான்கு காலையும் வைத்தது. மனுவைத் திரும்பியும் பாராமல் கீழே குதித்து, சண்முகக்கனி தேய்த்து அடுக்கிவைத்திருந்த வெள்ளைச் சட்டைகளின் மேல் ஓடி, அடுத்த மரத்தில் ஏறிக்கொண்டது.

அவள் சட்டைகளைப் பார்த்தாள். பிறகு நால்வரையும் பார்த்தாள். மேல் சட்டையை எடுத்து மடித்து மனுவோடு சேர்த்து வைத்துக்கொண்ட சூசைதான், அணில் தன் ஒப்பத்தைத் துணியில் போட்டிருப்பதாகவும், சட்டப்படி அதுவும் செல்லும் என்றும் அவளுக்கு ஆறுதல் சொன்னார்.

புதன்கிழமை மாலை அவள் வண்டிக்குப் பக்கத்திலேயே சங்கம் மறுபடி கூடியது. விசாரணைக்கு ஆஜராக வேண்டிய பாதிக்கப்படுபவர் யார் என்பதே கூட்டத்தில் பேசவேண்டிய பொருள்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? நான்தான் போகணும்," என்றாள் சண்முகக்கனி.

"ஒனக்கு என்னம்மா பாதிப்பு? வெயில்ல நிப்ப, அவ்வளவுதான். வெட்டுப்படப் போறது யாரு? கொப்பு. அப்ப யாரு ஆஜராகணும்?" என்று நல்லபெருமாள் கேட்டார்.

"கொப்புதான், அண்ணாச்சி," என்றார்கள் மற்ற மூவரும்.

அவள் அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துச் சிரித்துவிட்டு, மறுநாள் காலை தேய்த்த துணிகளைக் கொடுத்துவர அக்ரகாரத்துப் பக்கம் போய்விட்டாள். வாழ்நாளில் அவள் செய்த பிழை அது ஒன்றுதான்.

அவள் தலை மறைந்ததும் வேலை தொடங்கியது. முழு மரத்தையும் அழைத்துப் போகலாமா என்று கோமதிநாயகம் கேட்டார். வேருக்கு நோட்டீஸ் வரவில்லை, வராதவரை இழுத்துப்போவது முறையல்ல என்று தலைவர் மறுத்துவிட்டார். கிளைகளை மட்டும் கூட்டிப்போவது. ஆனால் பேரூராட்சியைப் போல இரக்கமில்லாமல் இயந்திரம் வைத்து அறுப்பதில்லை. கைவாளால் மெதுவாக, பேச்சுக் கொடுத்துக்கொண்டே அறுப்பது. ஒவ்வொரு காயத்திலும் பரிபூரணம் மில்லில் அரைத்த புது மஞ்சளைக் குழைத்துப் பூசினார்.

அறுக்கும் கிளையின் மேல் உட்காரக்கூடாது என்கிற அளவுக்கு அவர்களுக்கு அறிவு உண்டு. ஆகையால் ஏணி போட்டு அறுத்த கோமதிநாயகத்தைத் தவிர மற்றவர்கள் அதன் நேர்கீழே நின்றுகொண்டார்கள். சூசையின் மேல் ஒரு கிளையும், தலைவர் மேல் ஒரு கிளையும், பரிபூரணத்தின் மேல் மஞ்சள் சட்டியும் விழுந்தன. கிளைகளுக்கு அடி ஒன்றும் படவில்லை என்று உறுதி செய்துகொண்ட பின்னரே அவர்கள் எழுந்தார்கள்.

டிராக்டரில் ஏற்றிக் கொண்டுபோய், பேரூராட்சி அலுவலகத்துக் கூடத்தில் கிளைகளை வாசல் வழியாகவும் ஜன்னல் வழியாகவும் உள்ளே அனுப்பினார்கள். மரியாதை கருதி எல்லாவற்றையும் நிமிர்த்தி நிறுத்தி, மின்விசிறிக் கொக்கியிலும் ஜன்னல் கம்பியிலும் கட்டினார்கள். கூடம் முழுவதும் பச்சையாயிற்று. செயல் அலுவலர் ஞானதிரவியம் எங்கே இருக்கிறார் என்பது அவர் இருமியபோதுதான் தெரிந்தது.

"யாருய்யா அங்க?" என்றது இலைகளுக்கு உள்ளிருந்து ஒரு குரல்.

நல்லபெருமாள் ஆஜர் எடுத்தார். "மொத மரத்துக் கெழக்குக் கொப்பு வந்திருக்கு, சார். நடு மரத்துத் தெக்குக் கொப்பு வந்திருக்கு. கடைசி மரத்துச் சின்னக் கொப்புக்கு வழியில கொஞ்சம் இலை உதிர்ந்துபோச்சு, அதையும் கையோட பொறுக்கிக் கொண்டாந்துட்டோம்."

அலுவலர் பதில் சொல்வதற்குள் தொலைபேசி அடித்தது. மாவட்டத்திலிருந்து பேசினார்கள். எறும்புகள் ஒப்பமிட்ட மனு அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. ஒப்பங்களை அவர்களால் படிக்க முடியவில்லையாம். ஆனால் இத்தனை ஆயிரம் பேர் திரண்டு எதிர்க்கிற காரியத்தை, அனுமதி வாங்காமல் எப்படி முடிவு செய்தீர்கள் என்று கேட்டார்கள். அலுவலருக்கு வியர்த்துவிட்டது. இப்போதே தடை உத்தரவு போட்டுவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்து, எதிரில் நிற்பது என்ன என்று ஒரு கிளையைக்கூட விலக்கிப் பார்க்காமல் எழுதத் தொடங்கினார்: மாவட்ட அதிகாரிகள் நேரில் வந்து பார்வையிடும் வரை மேற்படி கிளைகள் இன்று எந்த நிலையில், எந்த இடத்தில் உள்ளனவோ, அப்படியே இருத்தல் வேண்டும். எவரும் அவற்றை வெட்டவோ, அகற்றவோ கூடாது. மீறினால் நடவடிக்கை.

முத்திரை வைத்து, ஒரு நகலை மாவட்டத்துக்கு அனுப்பிவிட்டு, மற்றொன்றை இலைகளுக்கு நடுவே நீட்டினார். நால்வரும் அதைப் படித்துக் கண்ணீர் மல்க நின்றார்கள். குமிழம்பட்டி வரலாற்றில் பேரூராட்சியின் முடிவை எதிர்த்து வென்றவர்களில் அவர்களே முதலாவது.

"சந்தோஷந்தான? இப்ப இந்தத் தழையெல்லாம் எடுத்துட்டுக் கெளம்புங்க," என்றார் ஞானதிரவியம்.

"எடுக்கக்கூடாது, சார். மீறினா நடவடிக்கைன்னு நீங்கதான எழுதியிருக்கீங்க," என்றார் நல்லபெருமாள்.

அலுவலர் உத்தரவை வாங்கிப் படித்தார். மறுபடி படித்தார். கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். அப்போதுதான் முதன்முறையாகப் பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்காரப் போனவர், அங்கே வடக்குக் கிளை ஒன்று இருந்ததால் நின்றுகொண்டார்.

சண்முகக்கனி சாலைக்குத் திரும்பியபோது மஞ்சள் பூசிய மூன்று கம்பங்கள் நின்றன. அவளுடைய வண்டி முழு வெயிலில் கிடந்தது. கைப்பிடியைத் தொட்டவள் கையை உதறிக்கொண்டாள். வெற்றிச் செய்தியோடு ஓடிவந்த நால்வரும் உத்தரவின் நகலை அவளிடம் கொடுத்தார்கள். அவள் அதை முதலிலிருந்து கடைசி வரை படித்தாள். பிறகு தார் கொதித்த சாலை நெடுக வண்டியைத் தள்ளிக்கொண்டு பேரூராட்சி அலுவலகத்துக்குப் போனாள்; சரிவுப் பலகை வழியாக ஏற்றிக் கூடத்துக்குள் விட்டாள்; இலைகளை விலக்கித் தேடி, தெற்குக் கிளையைக் கண்டுபிடித்து, அதன் கீழே வண்டியை நிறுத்திக் கரியைப் பற்றவைத்தாள்.

"இது ஆபீஸும்மா," என்றார் அலுவலர்.

"இது என் கொப்பு, சார். நான் இதுக்குக் கீழதான் நிப்பேன். வேணும்னா கொப்ப எடுக்கச் சொல்லுங்க, நானும் வெளிய போறேன்."

எடுக்கச் சொல்ல அவரால் முடியவில்லை. மாவட்டத்திலிருந்து பார்வையிட வருவதாகச் சொன்னவர்களும் வருவதாகவே சொல்லிக்கொண்டிருந்தார்கள். சண்முகக்கனிக்கு மழையும் இல்லை, வெயிலும் இல்லை. வரி கட்ட வருகிறவர்கள் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு நின்றார்கள். தொழில் முன்னைவிட நன்றாக நடந்தது.

அடுத்த வாரம்தான் அந்த ஆபத்து தெரியவந்தது. இலைகள் பழுக்கத் தொடங்கின, சில உதிர்ந்தன. கிளைகள் இன்றுள்ள நிலையிலேயே இருக்க வேண்டும் என்பது உத்தரவு. மேலிடத்தார் வந்து பார்த்தால், உத்தரவை மீறியதாகக் கிளைகள் மேலேயே நடவடிக்கை வரும். கிளை போனால் சண்முகக்கனியின் நிழலும் போகும். சங்கம் அவசரமாகக் கூடியது. அன்று முதல் கோமதிநாயகம் சைக்கிளுக்கு அடிக்கும் பச்சைப் பெயின்ட்டால் பழுத்த இலைகளுக்கு வண்ணம் பூசினார். உதிர்ந்தவற்றைச் சூசை பச்சை நூலால் காம்போடு காம்பு சேர்த்துத் தைத்தார். பரிபூரணம் அலுவலரின் மேசை நனையக் கிளைகளுக்குத் தண்ணீர் ஊற்றினார்.

காய்ந்து சுருண்ட இலைகளுக்கு மட்டும் வழி தெரியாமல் திகைத்தார்கள். பூசினாலும் தைத்தாலும் அவை சுருட்டு மாதிரியே இருந்தன. கடைசியில் நல்லபெருமாள் ஒரு கூடை நிறைய அவற்றை அள்ளிக் கொண்டுபோய்ச் சண்முகக்கனியின் வண்டியில் வைத்துவிட்டுத் தயங்கி நின்றார்.

அவள் கூடையைப் பார்த்தாள். மேலே கிளையைப் பார்த்தாள். இலைகளுக்கு அப்பால் இருமிக்கொண்டிருந்த அலுவலரின் திசையையும் பார்த்தாள். பிறகு ஓர் இலையை எடுத்து வண்டியில் விரித்து, தண்ணீர் தெளித்து, ஓரம் மடங்காமல் பெட்டியை ஓட்டினாள். இலை தகடு போல நிமிர்ந்தது.

"மடிச்சுத் தரவா, அண்ணாச்சி?"

நல்லபெருமாள் உறுப்பினர்களைக் கூட்டி ஓரமாக அழைத்துப்போய் நீண்ட நேரம் கலந்து பேசிவிட்டு வந்தார்.

"மடிக்காத, தாயி. கசங்கிரும். ஹேங்கர்ல மாட்டியே குடு."