வழிக்கு முன்னால் போனவள்

யாரோ வழிப்போக்கன் என்று நாம் அலட்சியமாகச் சொல்கிறோமே, அந்தச் சொல் பிறந்த கதை இது. ஆட்டு மந்தையோடு ஊர் ஊராக நடக்கும் கீதாரி இருளாண்டி சொன்னது. இதில் நிலம் வாய் திறக்கும் இடத்தைப் பல வருஷமாக நான் நம்பவில்லை.

அந்தக் காலத்தில் விலங்குகள் மட்டுமல்ல, நிலமும் பேசும். யானைக்குத் தடம் உண்டு, மானுக்கு உண்டு, எறும்புக்குக்கூட உண்டு. மனிதருக்குத்தான் கிடையாது. அவர்கள் ஏதாவது ஒரு விலங்கின் பின்னால், அது போகிற இடத்துக்குப் போய் வந்தார்கள். தடமில்லாத தரையில் கால் வைத்தால் நிலம் விழுங்கிவிடும்.

யானைக் கூட்டம் இடம்பெயர்ந்த ஒரு வருஷம் அதன் பின்னாலேயே போய், பொட்டலுக்கு அப்பால் வாக்கப்பட்டவள் சிலம்பாயி என்றொருத்தியின் மகள். ஒரு காலையில் காக்கை வந்து, அவளுக்கு இடுப்புவலி கண்டுவிட்டது, அம்மா அம்மா என்று அரற்றுகிறாள் என்றது.

சிலம்பாயி யானையிடம் ஓடினாள். இந்த வருஷம் தன் தடம் பொட்டலுக்கு இப்பாலே, தண்ணீரோடு நின்றுவிடுகிறது என்றது யானை. மான், புல் இருக்கிற பக்கம்தான் போவேன் என்றது. எறும்பு மட்டும், "சுண்டுவிரல் நுழைந்தால் என்னோடு வா தாயி" என்று கேலி பேசியது.

பொட்டலின் ஓரத்தில் நின்றாள். உயிர்ப்பயம் இல்லாமலில்லை. ஆனாலும் கால் வைத்தாள். மண் கணுக்கால்வரை இழுத்துப் பிடித்தது.

"யாரது? யானையா?" என்றது நிலம்.

"இல்லை."

"மானா?"

"இல்லை."

"பிறகு யார் வழியில் வந்தாய்?"

"வழி ஏதும் இல்லை, சாமி. அங்க ஒருத்தி கூப்பிடுறா. போறேன்."

தண்ணீருக்கும் தீனிக்கும் நடந்த கால்களையே நிலம் அறியும். கூப்பிட்ட குரலுக்காக ஒரு கால் தன்மேல் பட்டது அன்றுதான். மெல்லப் பிடியை விட்டது.

பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர்ந்தாள். அவள் கையைப் பற்றிக்கொண்டுதான் மகள் பிள்ளை பெற்றாள். தண்ணீர் மொள்ள வெளியே வந்த சிலம்பாயி அப்படியே நின்றுவிட்டாள். வானத்தின் விளிம்பிலிருந்து அவள் பாதம்வரை, பொட்டல் இரண்டாகப் பிரிந்து, வெள்ளையாக ஒரு வழி கிடந்தது. அதன் மறுகோடி ஓரத்தில், தன் தடம் முடிந்த இடத்தில், அந்த யானை தும்பிக்கையைத் தாழ்த்தி நின்று குரல் கொடுத்தது.

"தாயி, உன் வழியை நான் கடக்கலாமா?"

அவளுக்கு முன்பே நிலம் சொன்னது: "வழி இருந்ததால் இவள் போகவில்லை. இவள் போனதால் வழி வந்தது."

அன்று முதல்தான், ஊரும் பேரும் தெரியாத ஆளானாலும், நடந்து போகிறவரை வழிப்போக்கர் என்கிறோம். வழி அவருடையது என்பதை மறந்துவிட்டுச் சொல்கிறோம்.

போன அறுவடைக்குப் பிறகு இருளாண்டி எங்கள் வயலில் எருவுக்காக ஆட்டுக்கிடை போட்டிருந்தபோது கேட்டே விட்டேன்: "கீதாரி, வாழ்நாள் முழுக்க நடக்கிறீர்களே, உங்களை யார் கூப்பிட்டார்கள்?"

அவர் குனிந்து வயல் மண்ணில் உள்ளங்கையை வைத்து, "இதுதான்" என்றார்; நானும் குனிந்து காதை வைத்தேன்.