வாயில் படாத சாம்பார்

புது மேனேஜர் வந்தால் புதுச் சட்டம் வராமல் இருக்குமா? மன்னார்குடிக் கல்யாண மண்டபத்துக்கு வந்த வைத்திலிங்கம், முதல் நாளே சமையல்கட்டில் நின்று கத்தினார்: "இங்கே சமைக்கிறது எதுவும் பந்திக்குப் போறதுக்கு முன்னாடி யார் வாயிலயும் படக் கூடாது. பட்டா, யாரா இருந்தாலும் அந்த நிமிஷமே வேலை போச்சு!"

சாம்பார் வைக்கும் செங்கமலம், "சரிங்க சார்" என்று தலையாட்டினாள்.

மறுநாளே ஒரு கல்யாணம். இலை போட்டாச்சு. மாப்பிள்ளையின் தாய்மாமன், குறை சொல்வதற்கென்றே பிறந்த மனிதர், முதல் பந்தியில் உட்கார்ந்தாச்சு. வைத்திலிங்கம் உள்ளே ஓடி வந்தார்.

"சாம்பார்ல உப்பு சரியா இருக்கா?"

"போட்டிருக்கேன் சார். சரியா இருக்கான்னு நாக்குக்குத்தானே தெரியும்? நான் பிள்ளைகுட்டிக்காரி, வேலை போயிடுமே."

வைத்திலிங்கம் மற்றவர்களைப் பார்த்தார். காய் நறுக்குகிறவர்கள் முதற்கொண்டு எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். வெளியே தாய்மாமன், "சாம்பார் எங்கேப்பா?" என்று குரல் கொடுத்தார். வைத்திலிங்கம் கரண்டியைப் பிடுங்கி, உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி நக்கினார். அப்புறம்தான் அவருக்கு மூச்சே வந்தது.

"உப்பு கச்சிதம்!"

"சந்தோஷம் சார். ஆனா உங்க வேலை போயிடுச்சே! இனி ரசத்துக்கு யார் உப்புப் பாக்குறது?"

சமையல்கட்டே சிரித்தது. வைத்திலிங்கம் கரண்டியை அவளிடம் நீட்டினார்.

"நீயே பாரும்மா."