லாரி ஷெட்டு மண்

ஆய்வகத்தில் நசீமா விடும் ஒரு சொட்டைப் பார்த்தாலே கதிரேசனுக்கு வயிறு எரியும்.

தட்டில் தண்ணீர், அதன் மேல் கறுப்பு எண்ணெய். அவள் வளர்க்கும் மண் பாக்டீரியாவின் நீரில் ஒரு சொட்டு விட்டால் போதும், எண்ணெய் விலகி வட்டமாக வழிவிடும். அந்தப் பாக்டீரியா சோப்பு மாதிரி ஒன்றைச் சுரக்கிறது; எண்ணெயை உடைத்துத் தின்கிறது. கதிரேசன் வளர்க்கும் பாக்டீரியாவின் சொட்டோ அழைக்காத விருந்தாளி மாதிரி அப்படியே உட்கார்ந்திருக்கும். ஒரே ஆய்வகம், ஒரே பேராசிரியை, என்ன செய்ய!

குழாய் வெடித்து எண்ணெய் பாய்ந்த வயலொன்றுக்கு நசீமாவின் பாக்டீரியாவைக் கொண்டுபோவது என்று முடிவானது. விதைப்புக்குள் மண் தேறாவிட்டால் அந்த விவசாயிக்கு இந்த வருஷம் சோறில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது, பாக்டீரியா வளரும் அவள் குடுவைகளை ஆட்டிக் காற்றூட்டும் மெஷினை அணைத்துவிட்டுப் போனான் கதிரேசன். காற்றில்லாமல் சாகட்டும் என்றுதான். பாவி.

காலையில் பேராசிரியை அமலோற்பவம் அவனை மட்டும் கூப்பிட்டார்.

"நீதானே?"

"ஆமா மேடம். பொறுக்க முடியல. நான் நந்தவனம், ஆத்தங்கரைன்னு நல்ல நல்ல மண்ணாப் பார்த்து எடுத்துட்டு வந்தேன். அவ லாரி ஷெட்டு பின்னாடி நாத்தம் பிடிச்ச மண்ணுல ஒரு பிடி அள்ளிட்டு வந்தா. அவளுக்குப் போய்க் கிடைக்குதே!"

அவர் அவனை அதே ஷெட்டுக்குக் கூட்டிப்போய், ஒரு கறுப்புக் கட்டியை எடுத்து அவன் கையில் வைத்தார். அவன் மூக்கைப் பொத்திக்கொண்டான்.

"இங்க எவ்வளவு காலமா எண்ணெய் ஒழுகுது?"

"ஷெட்டு வந்த நாள்லேர்ந்து."

"நந்தவனத்துல?"

"அங்க எதுக்கு மேடம் எண்ணெய்..." என்று ஆரம்பித்தவனுக்குப் புரிந்தது: எண்ணெய் ஒழுகும் இடத்தில்தான் அதைத் தின்பதும் வளரும்.

ஆய்வகத்துக்குத் திரும்பி வந்து நசீமாவின் குடுவையிலிருந்து ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார் அமலோற்பவம். எண்ணெய் கொஞ்சம் சோம்பலாக விலகியது. ஆனால் விலகியது. கதிரேசன் அழுதேவிட்டான்.

"என்னை அனுப்பிடுங்க மேடம். இந்த அழுக்குப் புத்தியை வச்சுக்கிட்டு நான் எப்படி இங்க இருக்கறது?"

"அந்த அழுக்கு எவ்வளவு காலமா ஒழுகுது?"

"அவ வந்த நாள்லேர்ந்து."

அமலோற்பவம் மெஷினைப் போட்டுவிட்டார். குடுவைகள் ஆடத் தொடங்கின.

"நசீமா வயலுக்குக் கிளம்பறா. பாக்டீரியா டிரம்மு கனம், போய் ஒரு கை பிடி. இனிமே மண்ணு தேடி வெளியில அலையாதே."