சுண்டுவிரலுக்குப் பிளாஸ்திரி

"மிஸ், இந்தப் புத்தகத்தை அச்சடிச்சவனைத்தான் முதல்ல உதைக்கணும்."

தணிகாசலம் இசைத்தாளைப் பியானோ மேல் பொத்தென்று போட்டார். ஜாஸ் சொல்லித் தரும் யூனிஸ் அவரைவிட ரொம்பச் சின்னவள். இருந்தாலும் அவருக்கு மிஸ்தான்.

"என்னவாம்?"

"மேலே சி கார்டுன்னு போட்டிருக்கான். சி கார்டுன்னா சி-யை அடியா வச்சு ஒண்ணா அழுத்தற கட்டைங்கதானே? கீழே இடது கைக்கு ஈ, ஜி, பி, டின்னு நாலு கட்டை காட்டறான். இதுல சி எங்கே? கல்யாணத்துக்கு எல்லாரும் வந்தாச்சு, மாப்பிள்ளையைக் காணோம்!"

"அப்புறம்?"

"நானே பென்சிலால சேர்த்துட்டேன். பாட்டு முழுக்க, ஒவ்வொரு கார்டுக்கும் அதனதன் மாப்பிள்ளையை."

"டெரிக் என்ன சொன்னான்?"

தணிகாசலத்தின் முகம் சுருங்கியது.

டெரிக், அவர் புதிதாகப் பியானோ வாசிக்கச் சேர்ந்திருக்கும் ஹோட்டலில் அவருக்குப் பின்னால் நின்று டபுள் பேஸ் வாசிப்பவன். ஆளுயரத் தந்தி வாத்தியம். அடிக்குரல் முழுக்க அதனுடையது. போன ஒத்திகையில் பாதியிலேயே அதைச் சுவரில் சாய்த்துவிட்டு வெளியே போய்விட்டான்.

"சனிக்கிழமையும் இப்படித்தான்னா வேற ஆள் பார்த்துக்கறேன்னுட்டான். இதுவும் போச்சுன்னா எனக்கு மறுபடியும் அந்த ரூமும் ஹெட்போனும்தான் மிஸ்."

"இதுக்கு முன்னாடி யார்கூட வாசிச்சிருக்கீங்க?"

"யார்கூடவும் இல்லை. எல்லாம் தனியாத்தான்."

அவள் டீ போடப் போய்விட்டாள்.

திரும்பி வந்து, "சி இல்லாம வாசிங்க" என்றாள்.

வாசித்தார். ஓசை அந்தரத்தில் தொங்கியது. சகிக்கவில்லை. சுண்டுவிரல் தானாக இறங்கி சி-யைத் தொட்டது.

"மறுபடி."

மறுபடியும் தொட்டது.

"மறுபடி."

"காரணம்னு ஒண்ணு இருக்கும்ல மிஸ்? அதைச் சொல்லித் தொலைங்களேன்!"

அவள் அலமாரியிலிருந்து பிளாஸ்திரி எடுத்தாள். காயமே இல்லாத அந்தச் சுண்டுவிரலை உள்ளங்கையோடு மடக்கிச் சுற்றி ஒட்டினாள்.

"சனிக்கிழமை இதோடதான் வாசிக்கணும்."

"நான் என்ன எல்கேஜியா?"

"எல்கேஜி பிள்ளைங்க சொன்னா கேக்கும்."

சனிக்கிழமை சாயங்காலம் டெரிக் அந்தக் கையைப் பார்த்தான். "அடியா சார்?"

"போய் மிஸ்ஸைக் கேளு" என்று எரிந்து விழுந்தார்.

சாப்பிட வந்தவர்கள் பேச்சைக் குறைத்தார்கள். முதல் கார்டு. ஈ, ஜி, பி, டி.

மாப்பிள்ளை இல்லாத கல்யாணம். அவமானத்தில் காது சுட்டது. மடங்கிய விரல் பிளாஸ்திரிக்குள் துடித்தது.

முதுகுக்குப் பின்னால் ஒரு தந்தி அதிர்ந்தது. தரையில், நாற்காலிக் காலில், அவர் அடிவயிற்றில்.

சி.

தணிகாசலம் கட்டைகளிலிருந்து கையை எடுக்காமல் அப்படியே திரும்பிப் பார்த்தார்.

"இத்தனை நாளும் இங்கேதான் சார் நிக்கிறேன்" என்றான் டெரிக். "முன்னால பார்த்து வாசிங்க."