ஹாரனுக்குத் திரும்பினாராமே

நகைக்கடை ராஜமன்னார் காரை எடுத்தால் ரோடே அவருடையது. அப்படித்தான் ஒரு நாள் காலையில், சைக்கிளில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த கொத்தனார் அமிர்தலிங்கத்தைப் பின்னாலிருந்து இடித்துத் தள்ளினார். உயிர் மட்டும் தங்கியது. அன்றிலிருந்து அமிர்தலிங்கம் நினைவில்லாமல் படுக்கையில் கிடக்கிறார்.

மனைவி செங்கமலம் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டாள். விசாரணையன்று அவளுடைய வக்கீல் வரவில்லை. கூண்டில் ஏறிய ராஜமன்னார், "தப்பு அந்த ஆள் மேலதான். நான் ஹாரன் அடிச்சேன். அதைக் கேட்டும் குறுக்கே வந்து விழுந்தான்" என்றார்.

"நானே ஒண்ணு கேக்கலாமாய்யா?" என்றாள் செங்கமலம். நீதிபதி தலையசைத்தார்.

"ஹாரன் அவர் காதுல விழுந்துச்சுன்னு உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"ஏன் தெரியாது? அடிச்ச உடனே திரும்பி என்னைப் பார்த்தானே!"

"நல்லாப் பார்த்தாராங்க?"

"சத்தியமாப் பார்த்தான். ஒவ்வொரு தடவை அடிச்சப்பவும் பார்த்தான்."

செங்கமலம் நீதிபதியை ஏறிட்டாள். "ஐயா, என் வீட்டுக்காரருக்குப் பிறவியிலேயே காது கேக்காது. நான் காலால தரையைத் தட்டினா, அந்த அதிர்வுக்குத்தான் திரும்புவாரு."

பின்வரிசையில் இருந்த, அவரோடு வேலை பார்த்த கொத்தனார்கள் எல்லாரும் எழுந்து "ஆமாங்கய்யா" என்றார்கள். ராஜமன்னார் கூண்டுக் கம்பியைப் பிடித்தபடி தலையைக் குனிந்துகொண்டார்.

வழக்கு அவள் பக்கம் தீர்ந்தது. வெளியே வந்த ராஜமன்னாரை வழிமறித்துக் கும்பிட்டாள்.

"இப்பல்லாம் தரையைத் தட்டினாலும் அவர் திரும்ப மாட்டேங்குறாருங்க. உங்க ஹாரனுக்குத் திரும்பினாருன்னு சொன்னீங்களே, எங்க வீட்டு வாசல்ல வந்து ஒரே ஒரு தடவை அடிங்கய்யா."