மூடியில் வைத்த சந்தனம்

மடத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுபோகும் காரை ஓட்டுபவர் கயிலாயம், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். அவருடைய குரு திலகவதி அம்மா அவரைவிடப் பத்து வயது இளையவர். அதில் இருவருக்கும் சங்கடம் இல்லை. ஊருக்குத்தான் கொஞ்சம் இருந்தது.

அன்று காலை கார் சாவியை அம்மாவின் முன் வைத்தார்.

"இன்னையோட நிறுத்திக்கிறேம்மா. ஆஸ்பத்திரி வாசல்ல கஞ்சி ஊத்தும்போது முன்னெல்லாம் மனசு நிறையும். இப்ப யார் மேலயும் பிரியமே வர மாட்டேங்குது. வறண்டு போயிட்டேன்."

"இன்னைக்கு நானும் வரேன். வண்டிய எடுங்க."

பழைய கார் ஜோராகக் கிளம்பியது. கடைத்தெரு தாண்டியதும் நின்றது. கொஞ்சம் பொறுத்துச் சாவியைத் திருப்பினால் கிளம்பியது. பாலத்தில் மறுபடி படுத்துவிட்டது.

"ஆயுத பூஜையிலேர்ந்து இதே கூத்துதாம்மா. டேங்க் நிறைய பெட்ரோல் இருக்கு. அங்க ஜனங்க காத்துக்கிட்டிருப்பாங்க."

அம்மா மெக்கானிக் வீட்டில் பிறந்தவர். இறங்கிப் போய் டேங்க் மூடியைத் திருகினார். 'புஸ்' என்று காற்று உள்ளே பாய்ந்தது. மூடியைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"இதுக்குமா சந்தனம் வெச்சீங்க?"

"ஒண்ணையும் விடலம்மா. ஸ்டெப்னிக்குக்கூட வெச்சேன்."

காற்று உள்ளே போக மூடியில் இருந்த சின்னத் துளையில் சந்தனம் காய்ந்து கல்லாகியிருந்தது. அம்மா சேலையிலிருந்து ஊக்கைக் கழற்றிக் குத்தி, ஊதி, மூடியை மாட்டினார். அதன்பின் கார் எங்கும் நிற்கவில்லை.

வாத்தியாருக்குப் பொறுக்கவில்லை. "டேங்க் நிறைய இருந்தும் ஏம்மா நின்னுச்சு?"

"கொடுத்துக்கிட்டே இருந்துச்சு. காத்து உள்ள வர வழியில்ல."

ஆஸ்பத்திரி வாசலில் வரிசை நீண்டிருந்தது. கயிலாயம் பரபரவென்று ஊற்றினார். கடைசியில் பவுனு வந்தாள். பல நாளாகப் புருஷனுக்குக் கஞ்சி வாங்கிப் போனவள். இன்று அவள் கையில் டீ டம்ளர்.

"சார், அவர இன்னைக்கு வீட்டுக்கு அனுப்புறாங்க. உங்க கஞ்சியிலதான் எந்திரிச்சு உக்காந்தாரு. இது உங்களுக்கு."

"ஐயையோ, வேண்டாம்மா. நான் யார்கிட்டயும் எதுவும்..."

எப்போதும் சொல்லும் பேச்சுதான். சொல்வதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. பவுனின் முகம் வாடியது.

கயிலாயம் பேச்சைப் பாதியில் நிறுத்தினார். இரண்டு கையாலும் டம்ளரை வாங்கிக்கொண்டார். கண் நிறைந்துவிட்டது.

"ரொம்ப நன்றிம்மா" என்றார் பவுனிடம். பிறகு குருவைத் திரும்பிப் பார்த்தார். "எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியலம்மா."

அம்மா காலி வாளிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். ஆறிடப்போகுது, குடிங்க."