தொண்ணூறு பேர் வெட்டிய கிணறு

முன்னொரு காலத்தில் கருங்கல்லூர்ச் சீமையை நெடுமுடி என்றொரு ராஜா ஆண்டுவந்தான். முதலில் பேசிவிட்டுப் பிறகு யோசிப்பது அவன் வழக்கம். ஒரு நாள் பக்கத்து நாட்டுத் தூதனிடம், "வருகிற பங்குனி முப்பது நாளும் நாளுக்கு ஒரு கிணறு வெட்டப்போகிறோம். மாதம் முடிந்ததும் வந்து எண்ணிக்கொள்ளும்" என்று சொல்லிவிட்டான்.

தூதன் போனதும், கிணறு வெட்டுவோரின் தலைவி வேம்பாயியைக் கூப்பிட்டுக் கேட்டான். மூன்று பேர் முப்பது நாள் வெட்டினால்தான் ஒரு கிணறு என்றாள் அவள்.

அரசவைக் கணக்குப் பண்டிதர் மகரபூஷணருக்கு அவளைக் கண்டாலே ஆகாது. போன வருஷம் ஏரிக்கரை அளவில் அவர் செய்த தப்பைச் சபையில் சொன்னவள் அவள்தான். "ஆள் கூடினால் நாள் குறையும். தொண்ணூறு பேர் வெட்டினால் ஒரே நாளில் முடியும். இவளுக்குக் கணக்கும் தெரியாது, வேலை செய்ய மனமும் இல்லை" என்றார்.

நாளைக்கே ஒரு கிணற்றை வெட்டிக் காட்டாவிட்டால் அவள் கூட்டம் மொத்தமும் நாட்டைவிட்டுப் போகவேண்டும் என்று ராஜா உத்தரவு போட்டான்.

மறுநாள் தொண்ணூறு பேரும் வந்தார்கள். மூன்று பேர் குழிக்குள் வெட்ட, எண்பத்தேழு பேர் மேலே நின்று வேடிக்கை பார்த்தார்கள். ராஜாவுக்குக் கோபம் வந்தது. நாலாவது ஆள் எங்கே நிற்பது என்று பண்டிதரே இறங்கிக் காட்டட்டும் என்றாள் வேம்பாயி. அவர் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். அவர் தொந்தியும் கூட இறங்கியதும் கடப்பாரையை ஓங்க இடமில்லை. மூன்று பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

"மகாராஜா, பண்டிதர் கணக்கு, நிற்க இடம் இருக்கிறவரைக்கும் சரி. இப்போது ஆள் கூடியிருக்கிறது, வேலை நின்றுவிட்டது" என்றாள்.

ராஜா சிரித்துவிட்டான். உடனே தூதன் நினைவு வந்து முகம் வாடியது. "அப்படியானால் நான் சொன்ன சொல்?"

"மும்மூன்று பேராகப் பிரித்து முப்பது இடத்தில் வெட்டவிடுங்கள். முப்பது நாளில் முப்பது கிணறு. நாளுக்கு ஒன்று ஆயிற்றே."

பங்குனி முடிந்து வந்த தூதன் முப்பதையும் எண்ணினான். குறை சொல்ல ஒன்றும் கிடைக்காமல் தண்ணீர் குடித்துவிட்டுப் போனான். பண்டிதரின் ஆசனம் வேம்பாயிக்குக் கிடைத்தது. பண்டிதருக்குக் கடப்பாரை கிடைத்தது. முப்பத்தோராவது கிணற்றுக்கு, இரண்டு பேரோடு மூன்றாவது ஆளாக அவரை அனுப்பினான் ராஜா. அது முடிய நாற்பத்தைந்து நாள் ஆயிற்று.

ஏன் இத்தனை நாள் என்று ராஜா கேட்டான்.

"இரண்டு பேர் வெட்டினால் நாற்பத்தைந்து நாள்தான், மகாராஜா" என்றாள் வேம்பாயி. "பண்டிதரைச் சேர்க்காமல் பார்த்தால் கணக்கு மிகச் சரி."